மணலின் தூய்மை

ரப்பர் மலாயாவுக்கு வந்த ஆரம்ப காலத்தில், மரங்களுக்கு நடுவே ஒரு புல்லும் தலைகாட்டக் கூடாது என்பது தோட்டத் துரைமார்களின் அசையாத கொள்கையாக இருந்தது. டான் சாய் யான் 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வர்த்தகப் பயிராக நட்டு, பின்னர் புக்கிட் அசஹானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்தார். அதன்பின் நாடெங்கும் எழுந்த தோட்டங்களில், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஆண்களும் பெண்களும், மண்வெட்டியும் கையுமாகக் குன்றுச் சரிவுகளில் நிரை நிரையாக நின்று, முளைத்ததையெல்லாம் சுரண்டியெடுத்து, செம்மண் வெறுமையாகத் தெரியும்வரை தரையைச் செதுக்கினார்கள். செதுக்கிய தரையே சுத்தமான தோட்டத்தின் லட்சணம் என்று கருதப்பட்டது. ஆனால் மலாக்காவைப் போல ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு பூமியில், மூடுவதற்கு ஒன்றுமில்லாத மேல்மண் என்ன ஆகும்? சத்து நிறைந்த அந்த மண் ஓடைகளில் இறங்கி, ஆறுகளைக் கலக்கி, கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு உலக யுத்தங்களுக்கு இடைப்பட்ட காலத்தில்தான், 1925இல் ஸ்தாபிக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளும், அனுபவசாலிகளான தோட்டக்காரர்களின் யோசனையும் சேர்ந்து, பியூராரியா, சென்ட்ரோசீமா முதலிய அவரை இனக் கொடிகளைத் தரை முழுதும் படரவிடும் வழக்கம் நிலைபெற்றது. வெறுமையாக இருப்பதே சுத்தம் என்ற எண்ணம் தவறு என்பதை அந்த நிலம் பெரும் நஷ்டத்துக்குப் பிறகு கற்பித்தது.

கடல்நீர்த் தொட்டியின் அடியிலுள்ள மணலைப் பற்றிய அத்தியாயத்தை ரப்பர்த் தோட்டத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடம் கொடுத்துவிட்ட பிற்காலத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் மக்களும் பேரமக்களும் மலாக்கா, அலோர் காஜா, ஜாசின், மஸ்ஜித் தானா போன்ற பட்டணங்களின் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். அத்தகைய வீடுகளின் முன்கூடத்தில் மீன் தொட்டி வைப்பது சாதாரணமாகிவிட்டது; அவற்றுள் சில கடல்நீர்த் தொட்டிகள். அந்தத் தொட்டியை ஆசையோடு வைத்திருப்பவர், மணலின் மேல் பழுப்பு நிறம் படர்வதைக் கண்டதும், பழைய துரைமார் செய்ததையே தாமும் செய்கிறார். மணல் முழுவதையும் வாளியில் அள்ளி, முற்றத்துக் குழாயடியில் பளபளக்கக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் தொட்டியில் பரப்பிவிட்டுத் திருப்தியடைகிறார். சில நாட்களுக்குள் நீர் மங்குகிறது. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து மூச்சுத் திணறுகின்றன. சுத்தம் செய்த பிறகு ஏன் இப்படி ஆயிற்று என்று அவர் திகைக்கிறார். இந்தத் திகைப்புக்கு விடை, மணல் என்பது எத்தகைய வஸ்து என்பதை அறிவதில் அடங்கியிருக்கிறது.

மணலின் பரப்பு

மூன்று அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் உட்புறக் கண்ணாடிச் சுவர்களையும் அடித்தளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 18 சதுர அடி தேறும். அதில் 3 சென்டிமீட்டர் கனத்துக்கு மணல் பரப்ப ஏறத்தாழ 12 லிட்டர் மணல் தேவை. ஒவ்வொரு பரலும் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு உருண்டை என்று வைத்துக்கொண்டால், ஒரு கன சென்டிமீட்டரில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான பரல்கள் அடங்கும். அவற்றின் மேற்பரப்பையெல்லாம் விரித்துப் பார்த்தால், அந்தப் பன்னிரண்டு லிட்டர் மணலுக்குள் 450 சதுர அடிக்குமேல் பரப்பு சுருண்டு கிடப்பது தெரியவரும். பரல் பாதியளவு சிறுத்தால் பரப்பு இரட்டிப்பாகும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீளமுள்ள பாக்டீரியாக்களுக்கு இது மகத்தான குடியிருப்பு. தொட்டியில் நம் கண்ணுக்குத் தெரியும் ஐந்தாறு மீன்கள் விருந்தாளிகளே. நிரந்தரக் குடிமக்கள் மணலில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த அற்ப ஜீவன்கள்தாம். குழாய் நீரிலுள்ள குளோரினும் கடுமையான வெயிலும் அவற்றை அழித்துவிடுகின்றன. முற்றத்தில் கழுவிக் காய்ந்த மணல் பார்வைக்கு வெண்மையாக இருந்தாலும், வேலை செய்வார் ஒருவருமில்லாத பாழூரே அது.

நைட்ரஜனின் யாத்திரை

அந்தக் குடிமக்கள் செய்யும் வேலைதான் என்ன? மீன் உண்ட உணவிலுள்ள புரதம் அதன் உடலில் சிதைந்து, பெரும்பாலும் செவுள்களின் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. உண்ணாமல் மணலில் விழுந்த உணவும், எச்சமும், இறந்த உயிர்களின் உடலும் அழுகும்போதும் அதே அம்மோனியாதான் உண்டாகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட அதன் நச்சுத்தன்மை அதிகரிப்பதால், குளத்து நீரைவிடக் காரமான கடல்நீரில், அதிலும் நம்முடைய உஷ்ணப் பிரதேசத்தில், அது பன்மடங்கு அபாயகரமானது. ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டை ஒட்டி மண்ணிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டிய ஒருவகைப் பாக்டீரியாக்களும் அவற்றின் இனத்தவையும், பிராணவாயுவின் துணையோடு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ அவ்வளவு கொடியதன்று. மணலின் மேற்பகுதியில், நீர் தாராளமாகப் புகுந்து செல்லும் இடத்தில், இந்தக் காரியம் இரவு பகலாக நடைபெறுகிறது.

மணலின் ஆழத்தில் வேறொரு கூட்டத்தார் வசிக்கிறார்கள். அங்கே பிராணவாயு எட்டுவதில்லை. மேலேயுள்ளவை அதைச் செலவழித்துவிடுகின்றன. ஆகவே ஆழத்துப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் கட்டுண்டிருக்கும் பிராணவாயுவைப் பறித்துச் சுவாசித்து, மிஞ்சிய நைட்ரஜனை வாயுவாக வெளியே விடுகின்றன. அது நீரினூடே எழும்பி ஆகாயத்தில் கலந்துவிடுகிறது. ரப்பர்க் காட்டில் படர்ந்த அவரை இனக் கொடிகள், தம் வேர் முடிச்சுகளில் தங்கும் பாக்டீரியாக்களின் உதவியால், ஆகாயத்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கின என்பதை நினைத்துப் பார்த்தால், இயற்கையின் ஏற்பாடு விளங்கும்: அங்கே ஆகாயத்திலிருந்து மண்ணுக்கு வந்ததே இங்கே மணலிலிருந்து ஆகாயத்துக்குத் திரும்புகிறது. ஒரே சக்கரத்தின் இறங்குமுகத்தைத் தோட்டத்திலும் ஏறுமுகத்தைத் தொட்டியிலும் காண்கிறோம். இவ்விரு காரியங்களும் மணலின் வெவ்வேறு அடுக்குகளில் நிகழ்கின்றன என்பதே பராமரிப்பு முறைகள் யாவற்றுக்கும் அஸ்திவாரம். அடுக்குகளைத் தாறுமாறாகக் கலக்கிவிட்டால் இரு கூட்டத்தாருமே இடம் மாறித் தத்தளிப்பார்கள்.

கரையில் நடக்கும் வேலை

தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக் போன்ற மணற்பாங்கான கரைகளில் நீர் வற்றும் வேளையில் குனிந்து பார்ப்பவர்க்கு, இந்தப் பராமரிப்பைக் கடல் தானே எவ்வாறு செய்துகொள்கிறது என்பதன் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும். கடலைப் பருப்பளவே உள்ள சிறு நண்டு ஒன்று தன் வளையிலிருந்து வெளிப்பட்டு, இரு கொடுக்குகளாலும் மேல்மணலை மாறி மாறி வாயருகே அள்ளுகிறது. வாயிலுள்ள மயிரிழைகளால் பரல்களை அலசி, அவற்றின்மேல் படிந்திருக்கும் பாசியையும் மக்கையும் மட்டும் உண்டுவிட்டு, மிஞ்சிய மணலைச் சின்னஞ்சிறு உருண்டையாகத் திரட்டிப் பின்னால் தள்ளுகிறது. உடனே ஓரடி நகர்ந்து அடுத்த வாய்க்கு மணல் அள்ளுகிறது. வளையை மையமாகக் கொண்டு ஆரங்களாக விரியும் பாதைகளும், அவற்றின் ஓரங்களில் குவியும் உருண்டைகளும் சிறிது நேரத்தில் கரை முழுவதையும் நிறைத்துவிடுகின்றன. ஆளின் நிழல் பட்டதும் நண்டு வளைக்குள் மறைகிறது. அசையாமல் நின்றால் மறுபடியும் வெளிவந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இதில் கவனிக்கத்தக்கது என்னவென்றால், நண்டு தொடுவது மேல்மணலின் மெல்லிய படலத்தை மட்டுமே. அடுத்த ஏற்றத்தில் கடல் உருண்டைகளைக் கரைத்து மணலைச் சமப்படுத்துகிறது. ஆழத்திலுள்ள புழுக்களோ தம் வளைகளின் வழியே நீரை உள்ளே இழுத்தும் வெளியே தள்ளியும், கெட்டிப்படாதபடி மணலை இளக்கிக் கொடுக்கின்றன. மண்புழுக்கள் நிலத்துக்குச் செய்யும் உபகாரத்தை டார்வின் 1881இல் ஒரு முழு நூலாக எழுதினார். கடலடிப் புழுக்களின் உபகாரமும் அதற்குக் குறைந்ததன்று.

மனிதர் இதை உணர்ந்து பயன்படுத்தக் காலம் பிடித்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. 1909இல் சென்னைக் கடற்கரையிலும், 1955இல் சிங்கப்பூரில் வான் கிளீஃப் என்ற டச்சுக்காரரின் உயில்பணத்தைக் கொண்டும் அத்தகைய சாலைகள் எழுந்தன. ஆனால் வீட்டுத் தொட்டியில் கடலுயிர்களை நெடுநாள் வைத்திருப்பது வெகுகாலம் கைகூடவில்லை. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறைத் துண்டுகளையும் மெல்லிய காற்றுக் குமிழிகளையும் தவிர வேறு சாதனம் அதிகமின்றிக் கடலுயிர்களை வளர்த்த முறையை 1961இல் வெளியிட்டபோது, வடிகட்டும் இயந்திரத்தின் வேலையைப் பாறையும் மணலும் செய்யக்கூடும் என்பது பலருக்கும் புரிந்தது. பின்னர் 1980களில் ழான் ஜோபேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கனமான மணற்படுகையின் கீழே நீர் தேங்கும் ஓர் இடைவெளியை அமைத்து, நைட்ரேட்டை மணலே தீர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பிரசித்தப்படுத்தினார்.

மணலும் கனமும்

எந்த மணலைத் தேர்ந்தெடுப்பது? மலாக்காக் கரையிலுள்ள மணல் பெரும்பாலும் கருங்கல் சிதைந்து உண்டான பளிங்குப் பரல். அதனோடு சேறும், மலாக்கா நீரிணை வழியே ஓயாமல் செல்லும் கப்பல்களின் எண்ணெய்க் கழிவும் கலந்திருக்கலாமாகையால், அதை அள்ளிவந்து தொட்டியில் இடுவது உசிதமன்று. கடைகளில் விற்கும் பவளமணல் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தது. நீரில் அமிலத்தன்மை மிகும்போது சிறிது கரைந்து, அதை ஈடுசெய்ய ஓரளவு உதவுகிறது. பரல் அரை மில்லிமீட்டருக்கும் இரண்டு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டதாக இருப்பது நலம். அதைவிடப் பெரிதானால் இடுக்குகளில் உணவுத் துணுக்கு விழுந்து அழுகும். மாவாகச் சிறுத்தால் நீரோட்டத்தில் பறந்து மீனின் செவுளையும் பம்பையும் வருத்தும். புது மணலை, கலங்கல் நீங்கும்வரை குழாய் நீரில் அலசிப் பயன்படுத்துவதில் தவறில்லை. அதில் இழப்பதற்கு உயிர் ஏதும் இன்னும் குடியேறவில்லை.

கனத்தைப் பொறுத்தவரை இரண்டு மார்க்கங்கள் உண்டு. 3 முதல் 5 சென்டிமீட்டர் வரையுள்ள மெல்லிய படுகையை அவ்வப்போது கிளறிச் சுத்தம் செய்யலாம். 10 முதல் 15 சென்டிமீட்டர் வரையுள்ள கனத்த படுகையோ ஆழத்து வேலையை நம்பி அமைக்கப்படுவது. அதன் அடிப்பகுதியை ஒருபோதும் தொடக் கூடாது. வீட்டுத் தொட்டிக்குப் புதிதாகக் கைவைப்பவர்க்கு முதல் மார்க்கமே சுலபமானது. மெல்லிய படுகையை வைத்துக்கொண்டு கனத்த படுகையைப் போல் கவனியாமல் விடுவதும், கனத்த படுகையை மெல்லியதைப் போல் கிண்டுவதுமே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம்.

சுத்தம் செய்யும் முறை

மெல்லிய படுகையைச் சுத்தம் செய்ய, வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் குழலும், அதன் மறுமுனையில் பொருத்திய ரப்பர் குழாயும், ஒரு வாளியும் போதும். குழாயில் நீரை நிரப்பி வாளியைத் தொட்டியைவிடத் தாழ்வாக வைத்தால் நீர் தானே இறங்கத் தொடங்கும். அகன்ற வாயை மணலில் செங்குத்தாக இறக்கியதும், உள்ளே மணல் உலையரிசி போலக் கொதித்து எழும்பும். கனமற்ற பழுப்பு அழுக்கு மட்டும் மேலேறிக் குழாயில் ஓட, பரல்கள் பாதி தூரம் ஏறித் தயங்கித் திரும்பவும் விழும். பரல் குழாய்க்குள் புகும்போலத் தோன்றினால் விரலால் குழாயைச் சற்று நெரித்து ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். அவ்விடத்தில் மேலேறும் நீர் தெளிந்ததும், குழலைத் தூக்கி, அடுத்த இடத்தில் இறக்க வேண்டும். இவ்வாறு ஒரு வாரத்தில் படுகையின் கால் பங்கை மட்டும் முடித்து, மறு வாரம் அடுத்த கால் பங்குக்குச் செல்வது நியமம். ஒரு மாதத்தில் முழுப் படுகையும் ஒரு சுற்று வந்துவிடும். தீண்டாமல் விட்ட முக்கால் பங்கிலிருந்து பாக்டீரியாக்கள் பெருகி, கலைந்த பகுதியில் மீண்டும் குடியேறும். பாறைகளுக்கு அடியிலுள்ள மணலைத் தோண்டக் கூடாது; பாறை சரிந்து கண்ணாடி உடைவதும் உண்டு.

வாளியில் இறங்கிய நீருக்கு ஈடாக, கடலுப்புக் கலவையை முன்கூட்டியே கரைத்துத் தொட்டியின் வெப்பத்துக்கும் உப்பளவுக்கும் ஒத்திருக்குமாறு செய்த புதுநீரை ஊற்ற வேண்டும். மேலே சொன்ன தொட்டிக்கு ஒரு தடவைக்கு 15 லிட்டர் மாற்றினால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆகும், அதுவே போதுமானது. வெயில் தேசத்தில் தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகிக் குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும் என்பதால், அந்தக் குறைவை மட்டும் உப்பில்லாத நன்னீரால் நிரப்ப வேண்டும். குழாய் நீரானால் குளோரின் நீக்கிய பிறகே அதைப் பயன்படுத்தலாம்.

கனத்த படுகைக்கு வேறு விதி. அதன் மேற்பரப்பில் படிந்ததை மட்டும் குழலை மணலில் ஊன்றாமல் மேலோட்டமாக உறிஞ்சியெடுக்க வேண்டும். 1829இல் லண்டனின் செல்சீ நீர்நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்சன் அமைத்த மணல் வடிகட்டியைப் பின்பற்றி எழுந்த குடிநீர் நிலையங்களிலும் இதுவே வழக்கம்: மணலின் மேல் வளரும் உயிர்ப்படலமே நீரைச் சுத்தம் செய்கிறது, அது தடித்து நீர் இறங்காதபோது மேலே ஓரிரு சென்டிமீட்டரை மட்டும் வழித்தெடுத்துவிட்டு, கீழுள்ள மணலை அப்படியே விட்டுவிடுவார்கள். பல ஆண்டுகள் கிண்டப்படாத கனத்த மணலில், கந்தகச் சேர்க்கைகளைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள அந்த வாயு மிகச் சொற்ப அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியது. கண்ணாடியோரம் மணல் கறுத்திருப்பது அதன் அறிகுறி. கறுப்பு அடியில் அமைதியாக இருக்கும்வரை பயமில்லை. அதைக் கலக்கி மேலே கொண்டுவருபவரே ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். அத்தகைய பழைய மணலை மாற்ற நேர்ந்தால், மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகே அந்தக் காரியத்தில் இறங்க வேண்டும்.

துணைவர்களும் அறிகுறிகளும்

மணலைப் பராமரிக்க உயிருள்ள உதவியாளர்களும் உண்டு. நீரிணையின் தென்பகுதியில் கடற்புல் மேடுகளில் வாழ்வதும், ஜொகூர்க் கரையில் அவித்து உண்ணப்படுவதுமான கோங்கோங் என்னும் சங்கினம், மேல்மணலின் பாசியையும் மக்கையும் மேய்ந்து திரியும். கடல் அட்டை மணலையே விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே விடும். உளுவை இனத்தைச் சேர்ந்த சில மீன்கள் வாய் நிறைய மணலை அள்ளி, செவுள்களின் வழியே பொலபொலவென்று உதிர்க்கும். ஆயினும் சிறிய தொட்டியில் இவற்றுக்குப் போதிய இரை அகப்படாமல் மெலிந்து மடிவதும், கடல் அட்டை வகைகளுள் சில இறக்கும்போது நஞ்சைக் கக்கித் தொட்டி முழுவதையும் நாசம் செய்வதும் உண்டு. ஆகவே தொட்டி தொடங்கிப் பல மாதங்கள் சென்று மணலில் இரை பெருகிய பிறகே, அதுவும் ஒன்றிரண்டாக மட்டும், இவற்றைச் சேர்ப்பது விவேகம்.

மணலின் நிறம் அதன் தேகநிலையைச் சொல்லும். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் படரும் பழுப்புப் படலம் டயாட்டம் என்ற நுண்பாசி. அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். சிவப்பாகவோ ஊதாவாகவோ வழுவழுப்பான போர்வை படர்ந்து, அதில் குமிழிகள் சிக்கியிருந்தால், அது உணவு மிகுதியையும் நீரோட்டக் குறைவையும் காட்டுகிறது. போர்வையை உறிஞ்சியெடுப்பதோடு நில்லாமல், போடும் உணவைக் குறைத்து, பம்பின் முகத்தை அந்த மூலைக்குத் திருப்ப வேண்டும். மின்சாரம் தடைப்படும் நேரத்திலும் எச்சரிக்கை வேண்டும். வெப்பமான கடல்நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். 30 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராமுக்குமேல் தங்குவதில்லை. அந்தச் சிறு சேமிப்பை மீன்களோடு மணலிலுள்ள கோடானுகோடி ஜீவன்களும் பங்கு போட்டுக்கொள்வதால், பாட்டரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்பைக் கையிருப்பில் வைத்திருப்பது அவசியம்.

இவை யாவும் ஒரே உண்மையின் கிளைகள். தூய்மை என்பது உயிர்களை நீக்கியபின் மிஞ்சும் வெறுமையன்று. உயிர்கள் தத்தம் இடத்தில் இருந்து தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும் நிலைமையே அது. தோட்டத்து மேட்டிலும் குடிநீர் வடிகட்டியிலும் மெய்யான இந்த விதி, தொட்டியின் மணலிலும் மெய்யாகிறது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு விண்ணப்பம் இதுதான்: இரண்டு நிமிஷத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவுக்குமேல் உணவு போடாதீர்கள்; ஒரு வாரத்தில் கால் பங்குக்குமேல் மணலைக் கிளறாதீர்கள்; தொட்டியிலிருந்து எடுத்த மணலை அலச நேர்ந்தால் அந்தத் தொட்டியின் நீரிலேயே அலசுங்கள்; புது மணல் வேண்டுமானால் கடையில் வாங்குங்கள், நீரிணைக் கரையிலுள்ள தஞ்சோங் துவானின் பவளத்திட்டிலிருந்து ஒரு கைப்பிடியும் எடுக்காதீர்கள்.